வெள்ளம் வடியாத ஓவியம்

வெள்ளம் என்னும் சொல் தமிழிலே இருமுகம் உடையது. காய்ந்து கிடந்த ஆற்றிலே நுரை சுமந்து வரும் புதுப்புனலும் வெள்ளமே. நள்ளிரவிலே படலையைத் தள்ளிக்கொண்டு புகுந்து, மூலையிற் கிடந்த நெல் மூடையை நனைத்துப் போவதும் வெள்ளமே. வையையின் புதுநீர் வரவை விழாவாகக் கொண்டாடுவது பரிபாடல். அதே வையை பெருகிக் கரையுடைத்து மதுரையை அலைத்த கதையைக் கூறுவது திருவிளையாடற் புராணம். ஆறு ஒன்றே, அதனை நோக்கிய கண்கள் வேறு. வெள்ளத்தைக் கண்டு மகிழ்தல், வெள்ளத்தைக் கண்டு அஞ்சுதல் ஆகிய இரண்டையும் நம் இலக்கியம் நமக்குக் கற்பித்திருக்கின்றது. மகிழாமலும் அஞ்சாமலும், கரையிலே நின்று அதனைக் கண்கொட்டாது நோக்கியிருத்தல் ஒருவனுக்கு இயலுமா? இயலுமாயின், அது தகுமா? இவ்வினாவை எம்முள்ளே எழுப்பியது பாரிஸ் மாநகரின் நூதனசாலை ஒன்றிலே யாம் கண்ட, இரண்டு முழ அகலமும் இல்லாத ஓர் ஓவியம்.

லூவரிற் கண்ட பிரளயம்

தமக்கையார் மகன் வீட்டு மங்கல வைபவம் ஒன்றை முன்னிட்டு அந்நகரிற் சில நாள் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. முதலிற் சென்றது லூவர் மாளிகைக்கு. அங்கே நிக்கோலா பூசேன் என்னும் பெரும்புலமை வாய்ந்த ஓவியர், தம் வாழ்நாளின் இறுதியில், 1660 ஆம் ஆண்டுக்கும் 1664 ஆம் ஆண்டுக்கும் இடையிலே தீட்டிய நான்கு ஓவியங்கள் உள்ளன. ஆண்டின் நான்கு பருவங்களையும் விவிலியக் கதைகள் நான்கோடு இணைத்துக் காட்டுவன அவை. அவற்றுட் கூதிர்ப் பருவத்துக்கு அவர் தெரிந்தெடுத்த கதை ஊழிவெள்ளம்.

அவ்வோவியத்திலே வானம் கறுத்திருக்கின்றது. மின்னல் அதனைக் கிழிக்கின்றது. படகொன்று கவிழ்கின்றது, அதிலிருப்பவன் கைகளை வானோக்கி உயர்த்துகின்றான். தாயொருத்தி தன் மகவைப் பாறைமேல் இருப்பவனிடம் நீட்டுகின்றாள். மற்றொரு பாறையிலே பாம்பொன்று ஊர்கின்றது. காண்பவர் நெஞ்சு நடுங்குமாறு அமைந்த படைப்பு அது. வெள்ளம் என்றால் இவ்வாறுதான் தீட்டுதல் வேண்டும் என்று எண்ணியவாறே அன்று யாம் வெளியே வந்தோம்.

மறுநாள், செயின் நதியின் மறுகரையிலே, ஓர்சே நூதனசாலையிற் கண்ட ஓவியம் அவ்வெண்ணத்தை அசைத்துவிட்டது.

நீரில் மூழ்கிய நிலையம்

ஓர்சே மாளிகையின் வரலாறே சுவையானது. 1900 ஆம் ஆண்டு பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சியை முன்னிட்டுப் புகையிரத நிலையமாகக் கட்டப்பட்ட கட்டடம் அது. பின்னாளில் வண்டித் தொடர்கள் நீண்டபோது அதன் மேடைகள் போதாவாயின. தூரப் பயணத்துக்குரிய நிலையம் என்ற தகுதியை அது இழந்தது. இடித்துத் தள்ளப்படும் நிலைக்கு வந்து, தப்பி, 1986 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே கலைக்கூடமாகத் திறக்கப்பெற்றது. வளைந்த கண்ணாடிக் கூரையும், பென்னம் பெரிய கடிகாரமும் இன்றும் பழைய தொழிலை நினைவூட்டுகின்றன.

இம் மாளிகைக்கும் வெள்ளத்துக்கும் உறவு உண்டு. 1910 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே செயின் நதி பெருகி, ஓஸ்தெர்லிஸ் பாலத்தருகே 8.62 மீற்றர் உயரத்துக்கு ஏறியபோது, ஓர்சே நிலையத்தின் தண்டவாளங்கள் நீருள் மூழ்கின. நிலையத்தின் உள்ளே குளம்போல் நீர் தேங்கி நின்றதைக் காட்டும் புகைப்படங்கள் உள. அந்நதியின் வேறொரு வெள்ளத்தைக் காட்டும் ஓவியம், அந்நதியால் நனைந்த அதே மாளிகையிலே இன்று தொங்குகின்றது.

அல்பிரட் சிஸ்லே என்பார் 1876 ஆம் ஆண்டு தீட்டிய 'போர்ட் மார்லியில் வெள்ளம்' என்பது அவ்வோவியம். போர்ட் மார்லி என்பது பாரிசுக்கு மேற்கே செயின் நதிக்கரையில் உள்ள சிற்றூர். அவ்வாண்டு மார்ச் மாதத்திலே நதி கரைகடந்து அவ்வூர் வீதியுட் புகுந்தது. அண்மையில் மார்லி என்னும் ஊரிலே குடியிருந்த சிஸ்லே, வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே சென்றார். ஒன்றல்ல, ஆறேழு ஓவியங்கள் தீட்டினார். 1872 ஆம் ஆண்டிலும் அவ்வூரின் வெள்ளத்தை அவர் தீட்டியிருந்தார்.

ஓவியத்தின் இடப்புறத்திலே வைன் வணிகர் ஒருவரின் மாடிவீடு. அதன் சுவரிலே கடையின் பெயர் தீட்டப்பட்டிருக்கின்றது. வீட்டின் அடிவாரம் முழுவதும் நீர். வலப்புறத்திலே நீரிடை நிற்கும் மரங்கள். சிறு தோணிகளும், அவற்றின் அருகே சில மனிதரும். மேலே, கிழிந்து கிழிந்து ஓடும் வெண்முகில்களோடு கூடிய பெருவானம். அவ்வானத்தின் ஒளி வீதி நீரிலே விழுந்து கிடக்கின்றது. இவ்வளவே. மின்னல் இல்லை, பாம்பு இல்லை, வானோக்கி உயர்ந்த கை ஒன்றேனும் இல்லை.

அருகிலே நின்ற எம் மருமகன் ஓவியத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, மெல்லிய குரலிலே, "மாமா, இவ்வளவு வெள்ளம் வந்திருக்கு, ஒருத்தரும் அழுறதாக் காணல்லையே?" என்றான்.

நெஞ்சைத் தைத்த கேள்வி அது. மட்டக்களப்பு வாவிக்கரையிற் பிறந்து வளர்ந்த எவரும் கேட்கவேண்டிய கேள்வி. பிறர் வீட்டினுள்ளே நீர் புகுந்து நிற்கும்போது, அந்நீரின் நிறம் அழகாயிருக்கின்றது என்று தூரிகை எடுப்பது கலையா, கல்நெஞ்சா?

யார் இந்தச் சிஸ்லே?

விடை காண்பதற்கு முன் அம்மனிதரைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. சிஸ்லே 1839 ஆம் ஆண்டு பாரிசிலே, ஆங்கிலப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தையார் வாணிகத்திற் செல்வம் ஈட்டியவர். தொழில் பழகும்பொருட்டுப் பதினெட்டாம் வயதில் இலண்டனுக்கு அனுப்பப்பட்ட மகன், கணக்கேட்டினும் பார்க்க டேர்ணர், கொன்ஸ்டபிள் ஆகியோரின் நிலக்காட்சி ஓவியங்களையே விரும்பிக் கற்றார். பாரிசுக்கு மீண்டபின் கிளேர் என்னும் ஆசிரியரின் ஓவியக்கூடத்திலே சேர்ந்தார். குளோட் மொனே, ரெனுவார், பசீல் என்னும் இளைஞர் மூவரும் அங்கே அவருக்குத் தோழராயினர்.

1870 ஆம் ஆண்டு மூண்ட பிரான்சு–பிரசியப் போரினால் தந்தையாரின் வாணிகம் நொடிந்தது. அதுவரை தந்தையார் பொருளால் வாழ்ந்தவர், அதன்பின் தம் தூரிகையையே நம்பி மனைவி மக்களைக் காக்கவேண்டியவரானார். தூரிகையோ சோறிடவில்லை. 1875 ஆம் ஆண்டு அவரும் தோழரும் தம் ஓவியங்களை ஏலத்தில் விட்டபோது, அவருடைய படங்கள் நூறு, இருநூறு பிராங்குக்கு மேலே ஏற அரிதாயின. போர்ட் மார்லி வெள்ளத்தின் கரையிலே நின்றவர், தம் வீட்டு அடுப்பைப் பற்றிய கவலையோடு நின்றவர். இடர் இன்னதென்று அறியாத செல்வர் ஒருவர் பொழுதுபோக்காகத் தீட்டிய படம் அன்று அது.

இன்னொன்றும் கூறல் வேண்டும். பிரான்சிலே பிறந்து, பிரான்சின் ஆறுகளையும் வீதிகளையும் பனியையும் வாழ்நாள் முழுதும் தீட்டிய அவர், அந்நாட்டுக் குடியுரிமையை விண்ணப்பித்தும் பெறவில்லை. பிரித்தானியப் பிரசையாகவே இறந்தார். குடியுரிமை என்ற சொல்லின் கனத்தை நம் நாட்டு வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மனைவியார் இறந்து நான்கு மாதம் நிறையுமுன்னர், 1899 ஆம் ஆண்டு சனவரி 29 ஆம் நாள், தொண்டைப் புற்றுநோயினால் மோரே என்னும் ஆற்றங்கரையூரிலே அவர் வாழ்வு முடிந்தது. தந்தையும் தாயும் அற்ற பிள்ளைகளுக்கு உதவும்பொருட்டு, மொனே முதலிய நண்பர்கள் ஓவிய விற்பனை ஒன்றை அவ்வாண்டிலேயே ஒழுங்குசெய்தனர்.

பொழுதைப் பிடித்தவர்கள்

சிஸ்லேயும் தோழரும் கண்ட நெறியை 'இம்பிரசனிசம்' என்பர். மனப்பதிவு நெறி என்று நாம் கூறலாம். 1874 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, நதார் என்னும் புகைப்படக் கலைஞரின் பழைய கூடத்தில் அவர்கள் தம் முதற் கண்காட்சியை நடத்தினர். அங்கே வைக்கப்பட்ட மொனேயின் சூரியோதய ஓவியத்தின் தலைப்பிலே 'இம்பிரசன்' என்ற சொல் இருந்தது. லூயி லெரோய் என்னும் பத்திரிகையாளர் அச்சொல்லைப் பற்றிக்கொண்டு, இவர்கள் வெறும் 'மனப்பதிவினர்' என்று எள்ளி எழுதினார். எள்ளலாக வந்த பெயரே நிலைத்துவிட்டது.

அவர்கள் செய்த புதுமைதான் யாது? முன்னையோர் வெளியிலே குறிப்பெடுத்து, கூடத்தின் உள்ளே இருந்து, மாதக்கணக்கில் ஓவியத்தை முடித்தனர். இவர்களோ காட்சியின் முன்னேயே கித்தானை நிறுத்தினர். 1841 ஆம் ஆண்டு யோன் ராண்ட் என்னும் அமெரிக்கர் வண்ணத்தை அடைத்துவைக்கும் உலோகக் குழாயைக் கண்டுபிடித்தமை இதற்குப் பெருந்துணையாயிற்று. அதற்குமுன் பன்றியின் சிறுநீர்ப்பையிலே வண்ணத்தைக் கட்டிவைத்துப் பயன்படுத்தினர் என்றால், வெளியிலே சென்று தீட்டுவதன் இடர் விளங்கும். மரத்தையோ வீட்டையோ தீட்டுவதினும், அம்மரத்தின்மீது அந்த வேளையிலே விழும் ஒளியைத் தீட்டுவதே இவர்களுக்கு நோக்கமாயிற்று. ஒளி விரைந்து மாறும். ஆகையாற் கையும் விரைதல் வேண்டும். அதனாலேயே அவர்தம் ஓவியங்களில் தூரிகைத் தடங்கள் துண்டு துண்டாக, மறைக்கப்படாமல் நிற்கின்றன.

போர்ட் மார்லி ஓவியத்துக்கு அருகிலே சென்று பார்த்தோம். நீர் என்று கண்டது நீராக இல்லை. நீலமும் மண்நிறமும் வெண்மையுமாகக் கிடைக்கோட்டில் இழுத்த கீற்றுக்களே இருந்தன. ஐந்தாறு அடி பின்வாங்கினோம். கீற்றுக்கள் கூடி நீராயின, நீர் அசைந்தது. வானத்தையே முதலிலே தொடங்குவது தம் வழக்கம் என்றும், வானம் வெறும் பின்திரையாக இருத்தல் ஆகாது என்றும், தம் நண்பரும் விமரிசகருமாகிய அடொல்ப் தவெர்னியே என்பாருக்குச் சிஸ்லே எழுதியிருக்கின்றார். அவ்வெள்ளத்தின் முன்னே நின்றபோது அக்கூற்றின் பொருள் தெளிவாயிற்று. வீதியிலே கிடப்பது ஆற்றுநீர் மாத்திரம் அன்று. வானமும் இறங்கி வந்து அவ்வீதியிலே கிடக்கின்றது.

தொல்காப்பியம் கற்ற மாணாக்கர்க்கு இங்கே ஓர் எண்ணம் தோன்றாமற் போகாது. நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். அவற்றின் வழித் தோன்றும் மரமும் புள்ளும் தொழிலும் கருப்பொருள். மாந்தர் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். பிரெஞ்சு ஓவியர் தொல்காப்பியம் கற்றார் என்று கூற யாம் வரவில்லை. அத்தகைய ஆராய்ச்சியை வேறு சிலருக்கு விட்டுவிடுவோம். ஆயினும் இவ்வோவியத்தை விளங்கிக்கொள்ள நம் கையில் உள்ள விளக்கு அதுவே. பூசேனின் ஊழிவெள்ளத்திலே உரிப்பொருள் மேலோங்கி நின்று அலறுகின்றது. சிஸ்லேயின் வெள்ளத்திலே போர்ட் மார்லி என்னும் நிலமும், மார்ச் மாதத்து ஒரு பகல் என்னும் பொழுதும், கடையும் தோணியும் மரமுமாகிய கருப்பொருளும் உள. உரிப்பொருளுக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றது. அவ்விடத்தை நிரப்பவேண்டியவர் காண்பவரே. கருப்பொருளின் வாயிலாக, கூறாத ஒன்றைக் குறிப்பால் உணர்த்தும் இறைச்சி என்னும் நெறி நமக்குப் புதியதா?

கடைப் பெயரைப் பாருங்கள். வணிகர் அதனை எழுதுவித்த நாளில், வாடிக்கையாளர் வீதிவழி நடந்து வருவர் என்றே எண்ணியிருப்பார். இன்று வாயிலுக்குத் தோணியில் வரவேண்டியிருக்கின்றது. எழுத்து மாறவில்லை, வீதி மாறிவிட்டது. இதனைக் கண்டபின் அழுகின்ற உருவம் ஒன்றையும் தேடவேண்டுமா?

தகுமா என்ற வினா

மருமகனின் கேள்விக்கு இவ்விலக்கண விளக்கம் மாத்திரம் விடையாகாது. அது புலவனின் விடை. துன்பம் கண்டவனின் விடை வேறு.

1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது யாம் சிறுவர். கூரை பறந்த ஓசையும், பெரியவர்கள் பிள்ளைகளை மேசையின் கீழே தள்ளியதும் நினைவில் உள. ஆனால் அவற்றினும் ஆழமாகப் பதிந்திருப்பது மறுநாட் காலை. தலையற்ற தென்னைகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னே வாவி அசையாது கிடந்தது. வானத்தைக் கண்ணாடிபோலக் காட்டியது. அவ்வேளையிலே அது அழகாயிருந்தது. அழகாயிருந்தது என்று எவரிடமும் கூற அஞ்சினோம். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாளுக்குப் பின்னும், கடற்கரையிலே அனைத்தையும் இழந்து நின்றோர் பலர், அமைதியுற்ற கடலைப் பார்த்துப் பேச்சற்று அமர்ந்திருந்ததை யாம் கண்டோம். அந்நீலம் முன்னைய நீலமாகவே இருந்தது.

இயற்கைக்கு நம் துயரம் தெரியாது. அழித்த நீரே மறுகணம் முகிலை ஏந்தி ஒளிர்கின்றது. துன்பத்திலே மிகக் கொடியது இதுவாகவும் இருக்கலாம். பூசேனின் ஊழியிலே வானமும் மனிதரோடு சேர்ந்து இருள்கின்றது. அது நமக்கு ஓர் ஆறுதல். அவ்வாறுதலைச் சிஸ்லே தரவில்லை. வெள்ளம் நின்ற வீதியின்மேல் அன்று வானம் தெளிந்திருந்தது; ஆகவே தெளிந்த வானத்தையே தீட்டினார். இதனைக் கல்நெஞ்சு என்று யாம் கொள்ளோம். துயருற்றவரைக் கூத்துக்குரிய பாத்திரங்களாக்காது, அவர் தோணி கட்டுவதையும் அன்றாட அலுவல் பார்ப்பதையும் உள்ளவாறே காட்டியமை, அவர்க்கு அவர் செய்த மரியாதை. இடர்ப்பட்டோர் இடையறாது அழுதுகொண்டிருப்பதில்லை. அவர்க்கு விறகு நனைந்திருக்கும், பிள்ளைக்குப் பசிக்கும், தோணியைக் கட்டக் கயிறு வேண்டியிருக்கும்.

சிஸ்லேயை மொனேக்கு அடுத்த படியிலே வைத்து, ஒரே வகைக் காட்சியைத் திரும்பத் திரும்பத் தீட்டியவர் என்று குறைகூறுவார் உளர். அவர் எல்லை சிறியதே. பெரும்பாலும் சில ஆற்றங்கரைகள், சில வீதிகள், பனி, வெள்ளம், வானம் என்பவற்றினுள்ளே அது அடங்கும். ஆயின் அவ்வெல்லையினுள்ளே அவர் பொய்த்ததில்லை. உலகம் இதனை உணரச் சிறிது காலம் பிடித்தது. அவர் கண்மூடி ஓராண்டு கழிந்தபின், 1900 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, தவெர்னியேயிடம் இருந்த இவ்வெள்ள ஓவியம் ஏலத்துக்கு வந்தது. இசாக் டி கமொண்டோ என்னும் செல்வர் அதனை 43,000 பிராங்கு கொடுத்து வாங்கினார். 1911 ஆம் ஆண்டு அவர் இறந்தபோது, தம் ஓவியத் தொகுதி முழுவதையும் பிரான்சு நாட்டுக்கு விட்டுச் சென்றார். அதனாலேயே இன்று யாரும் அதன்முன் நின்று பார்க்க முடிகின்றது.

வகுப்பறைக்கு வந்த வெள்ளம்

நாடு மீண்டபின் இவ்வோவியம் எமக்கு ஒரு தொழிலைத் தந்தது. மாரிகாலம் வந்தால் 'நான் கண்ட வெள்ளம்' என்று கட்டுரை எழுதுவிப்பது நம் பாடசாலைகளின் வழக்கம். முப்பது மாணவர் எழுதினால் முப்பதிலும் வானம் பொத்துக்கொண்டு பெய்யும், மக்கள் ஓலமிடுவர், காண்போர் கண்கள் குளமாகும். வெள்ளம் வந்த ஊர் எது என்பது மாத்திரம் ஒன்றிலும் இராது. சொற்கள் முன்னரே ஆயத்தமாக இருப்பதால், மாணவன் தன் கண்ணைத் திறக்கவேண்டிய தேவை எழுவதில்லை.

இம்முறை, எழுதத் தொடங்குமுன் சில வினாக்களைக் கரும்பலகையில் எழுதினோம். வேளை எது? வானம் எவ்வாறிருந்தது? நீர் எத்தனையாம் படியில் நின்றது? அருகிலிருந்த கடையின் பெயர் என்ன? தோணியை எதிலே கட்டினார்கள்? துயரம், கண்ணீர், ஓலம் என்னும் சொற்களை ஒருவரும் எழுதலாகாது என்றும் கூறினோம். முதலில் முணுமுணுத்தனர், பின்னர் எழுதினர்.

ஒரு மாணவியின் கட்டுரை நான்கே வரிகளில் முடிந்திருந்தது. மாலையிலே மழை விட்டுவிட்டது என்றும், முற்றமும் கிணறும் ஒரே மட்டமாகிவிட்டன என்றும், கிணறு இருக்கும் இடம் தெரியாமல் ஆட்கள் விழுந்துவிடக்கூடாதென்று தாயார் கிணற்றுக்கட்டின்மேல் அரிக்கன் இலாம்பைக் கொளுத்தி வைத்தார் என்றும், தண்ணீரிலே இரண்டு விளக்குத் தெரிந்தன என்றும் அவள் எழுதியிருந்தாள். அதனை வகுப்பிலே உரத்து வாசித்தோம். சிறிதுநேரம் ஒருவரும் பேசவில்லை.

ஆசிரிய நண்பர்கள் வருகின்ற மாரியிலே தத்தம் வகுப்புகளில் இதனைச் செய்து பார்ப்பாராக.